நாலு மாதம் நின்ற தண்ணீர்

துறவு பூணக் காவி கேட்டு வருகிறவர்களிடம் உலகம்மாள் சரி என்றும் சொல்வதில்லை, இல்லை என்றும் சொல்வதில்லை. "உங்க வீட்டுல ஒரு வேளை சாப்பிடணுமே" என்பார். அவ்வளவுதான்.

நாள் குறித்துக்கொண்டு போவார். அந்த வீட்டுக்காரி சமைத்ததைச் சாப்பிடுவார். கை கழுவியதும் பதில் சொல்லிவிடுவார். தோளில் தொங்குகிற துணிப்பைக்குள் மடித்த காவி வேட்டி ஒன்று எப்போதும் இருக்கும். சிலருக்கு அதை எடுத்துக் கொடுத்திருக்கிறார். பலர் வீட்டில் அந்தப் பை திறக்கப்பட்டதே இல்லை.

எதை வைத்து முடிவு செய்கிறார் என்று ஒருவருக்கும் பிடிபடவில்லை. புளியங்குடியில் ஒருவர் வடை பாயசத்தோடு விருந்து வைத்தார். உலகம்மாள் சாப்பிட்டுவிட்டு, "அடுத்த வருஷம் பாப்போம்" என்று எழுந்துவிட்டார். கடையநல்லூரில் ஒருவர் வீட்டில் பழைய சோறும் ஊறுகாயும்தான். வாசல்படியிலேயே வேட்டியைக் கொடுத்துவிட்டார். உப்பை வைத்துச் சொல்கிறார் என்றார்கள் சிலர். இலையை எந்தப் பக்கம் மடிக்கிறார் என்று பார்க்க வேண்டும் என்றார்கள் வேறு சிலர். அவரிடமே கேட்டால், "எனக்குப் பசி போச்சான்னு பாக்கேன்" என்பார்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில், ஓடு வேய்ந்த ஒரு கட்டடத்தில் ஏழெட்டுப் பேரோடு இருந்தார். வயது நாற்பத்தேழு. அதற்கு முன்னால் பதினெட்டு வருடம் ஒரு ஆஸ்பத்திரியில் வார்டு ஆயா.

"அங்க என்ன வேலை தாயே?" என்று ஒருமுறை, அங்கே போய்வருகிற தில்லைநாயகம் கேட்டார்.

"படுத்திருக்கவுகளைத் தூக்கி உக்கார வைக்கிறது."

"இங்கயும் அதே வேலைதான்னு சொல்லுங்க."

"இல்ல அண்ணாச்சி. இங்க எல்லாரும் ஏற்கெனவே உக்காந்துதான் இருக்கீக. எந்திரிக்க வைக்கிறதுதான் பாடா இருக்கு."

தில்லைநாயகம் அவரைவிடப் பதினைந்து வயது மூத்தவர். நில அளவை அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் சங்கிலி போட்டு ஊர் ஊராக அளந்து ஓய்வு பெற்றவர். குரு தன்னை அண்ணாச்சி என்று கூப்பிடுவது முதலில் அவருக்குக் கூச்சமாக இருந்தது. பிறகு அதுவும் ஒரு பரீட்சை என்று எடுத்துக்கொண்டார். எதையும் பரீட்சையாக எடுத்துக்கொள்கிற மனது அவருக்கு.

ஓய்வு பெற்ற இரண்டு வருடத்தில் தாடி நெஞ்சைத் தொட்டிருந்தது. முடியை உச்சியில் முடிந்திருந்தார். விடிவதற்கு முன் எழுந்து குளித்து, உடம்பில் பதினாறு இடத்தில் திருநீறு பூசி, எட்டு மணி வரை அசையாமல் உட்கார்ந்திருப்பார். சட்டைகளை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டார். கைக்கடிகாரத்தையும் கொடுத்துவிட்டார். தூத்துக்குடியில் இருக்கும் மகளுக்கு போன் போட்டு, "இனிமே நீ அப்பான்னு கூப்பிட்டா நான் திரும்பிப் பாக்கணும்னு இல்ல, தப்பா நினைக்கக் கூடாது" என்றார்.

"இப்ப மட்டும் பாக்கியளாக்கும்" என்றாள் மகள்.

காவி கட்டப் போவதாக மனைவி வடிவிடம் ஆறு மாதத்துக்கு முன்பே சொல்லிவிட்டார். அவள் அப்போது கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல் ஆய்ந்துகொண்டே இருந்தாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

தெருமுனை டீக்கடையில் இப்போதே அவரைச் சாமி என்றுதான் கூப்பிட்டார்கள். இனி மிச்சம் வேட்டியின் நிறம் ஒன்றுதான். உலகம்மாளின் பை திறக்காமல் போய்விட்டால் அந்த டீக்கடையை எப்படிக் கடந்து போவது என்று இரண்டு நாளாக யோசித்தார். அப்படி யோசிப்பதையும் தள்ளி நின்று பார்த்தார். பார்த்தும் அது போகவில்லை.

வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்கு மினி பஸ்ஸில் உலகம்மாள் வந்து இறங்கினார்.

"மூணு மணி பஸ்ஸுக்குத் திரும்பணும் அண்ணாச்சி. மதினி, என்ன கொழம்பு?"

"புளிமொளகாக் கொழம்பும்மா. அவரைக்காப் பொரியல். ரசம்" என்றாள் வடிவு.

"போதும் போதும். கசகசங்குது. ரெண்டு செம்பு மேலுக்கு ஊத்திக்கிட்டு வாரேன்."

மாடிப் போர்ஷன் அது. அடுப்படிக்கு எதிரிலேயே குளியலறை. மகள் கல்யாணத்தின்போது மாப்பிள்ளை வருகிறார் என்று ஷவர் வைத்து, பளபளவென்று கல் பதித்திருந்தார்கள். உலகம்மாள் உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தார். சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார்.

"தண்ணி நிக்குது."

"ஆமா தாயே" என்றார் தில்லைநாயகம்.

"எத்தன நாளா?"

"நாலு மாசம் இருக்கும்."

"நாலு மாசமா?"

தில்லைநாயகம் நிமிர்ந்து உட்கார்ந்தார். இதைச் சொல்ல ஒரு சந்தர்ப்பம் வாய்க்காதா என்று அவரும் காத்திருந்தவர்தான்.

"குளிக்கக் குளிக்கத் தண்ணி ஏறி, கணுக்கால் வரைக்கும் வரும் தாயே. போகாது. சாயங்காலத்துக்குள்ள மெள்ள வடியும். மொத வாரம் ரொம்ப அருவருப்பா இருந்துச்சு. ஓடிரலாம் போல இருக்கும். ஓடல. அந்த அருவருப்பைப் பாத்துக்கிட்டே நின்னேன். ஒரு மாசத்துல அருவருப்பு போயிட்டு. இப்ப நிக்கேன், கால் இருக்கு, தண்ணி இருக்கு. நடுவுல வேற ஒண்ணும் இல்ல."

உலகம்மாள் கேட்டுக்கொண்டார்.

"அருவருப்பு போயிட்டு."

"போயிட்டு தாயே."

"தண்ணி போகல."

அடுப்படியிலிருந்து கரண்டி விழுகிற சத்தம் கேட்டது.

"இந்த வீட்டுல எல்லாத்தையும் பாத்துக்கிட்டேதாம்மா இருக்கோம்" என்றாள் வடிவு உள்ளேயிருந்து. "பாலு பொங்குனாலும் பாப்பாக. அடுப்பு அணைஞ்சாலும் பாப்பாக."

"இலை போடலாமா?" என்று தில்லைநாயகம் பேச்சை மாற்றினார்.

"தண்ணி போகட்டும் அண்ணாச்சி. அப்புறம் உக்காருவோம்."

"இப்பவா?"

"மூணு மணிக்கு எனக்கு பஸ்ஸு."

சாப்பிடாமல் குரு திரும்பினால் பதில் இல்லை. பதில் இல்லாமல் திரும்பிப் போன வீட்டுக்கு அவர் மறுபடி வந்ததாகச் சரித்திரம் இல்லை.

"குழாய்க்காரனுக்கு ஒரு போன் போட்டுருதேன் தாயே. பக்கத்துத் தெருதான்."

"அவரு வந்து எடுத்தா அவரு வீட்டுலல்லா நான் சாப்பிடணும்."

வடிவு சிரித்துவிட்டாள். நெடுநாளாக அந்த வீட்டில் கேட்காத சத்தம் அது. தில்லைநாயகம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குளியலறைக்குள் போனார்.

நின்றபடியே எட்டிப் பார்த்தார். கலங்கின தண்ணீருக்கு அடியில் வட்டமான சல்லடை மூடி மங்கலாகத் தெரிந்தது. நின்றபடியே காலால் தேய்த்துப் பார்த்தார். தண்ணீர் சுழன்று பழையபடி நின்றது.

"குனியணும் அண்ணாச்சி" என்றார் உலகம்மாள் வாசலில் நின்று.

குனிந்தார். மூட்டு இரண்டும் சத்தம் போட்டன. தாடி நுனி தண்ணீரில் போய் விழுந்தது. சட்டென்று நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார். மறுபடியும் விழுந்தது.

"இந்தாங்க" என்று வடிவு தன் கொண்டையிலிருந்து ரப்பர் பேண்டை உருவிக் கொடுத்தாள்.

"இது எதுக்கு?"

"தாடிக்கு."

வேறு வழி இல்லை. தாடியைத் திரட்டி ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டார். பதினாறு இடத்துத் திருநீறோடு, தாடியில் பச்சை ரப்பர் பேண்டோடு, முட்டி போட்டு உட்கார்ந்தார். நல்ல வேளையாக உலகம்மாள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூடி அழுக்கேறி ஒட்டிக்கிடந்தது. வடிவு கொடுத்த பழைய கரண்டிக் காம்பை விளிம்பில் கொடுத்து நெம்பியதும் வந்தது. குழிக்குள் இரண்டு விரலை விட்டார். ஏதோ வழுவழுவென்று தட்டியது. பிடித்து இழுத்தார். செத்த எலி போல ஒன்று வந்தது. தூக்கிப் பார்த்தார். முடி.

"இதான் விஷயம்!" என்றார். குரல் ஓங்கிவிட்டது. "பொம்பளை முடி. நான் எத்தன தடவை சொல்லியிருக்கேன், குளிக்கிற இடத்துல தலையை உலுப்பாதன்னு."

வடிவு அடுப்படியிலிருந்து வந்தாள். கரண்டி கையிலேயே இருந்தது.

"யாரு முடி? என் முடியா? முப்பத்து மூணு வருஷத்துல என் முடி ஒத்தை இழை தண்ணியில போனதுண்டா? சீப்புல வாரதைச் சுருட்டிச் சுருட்டி சன்னல் கம்பியில சொருகி வைக்கேன். பை நெறஞ்சதும் முடிக்காரன்கிட்டக் கொடுத்து டப்பா வாங்குதேன். இந்த வீட்டுல உப்பு டப்பா, சீனி டப்பா, உங்க திருநீறு இருக்கே அந்த டப்பா, அம்புட்டும் என் தலைமுடி கொடுத்து வாங்கினது. என் முடின்னு சொல்லுதீக!"

தில்லைநாயகம் கையில் இருந்ததைப் பார்த்தார். கறுப்பு இல்லை. நரைத்த முடி. கொத்துக் கொத்தாக, சுருண்டு, தாடி முடி. ஒவ்வொரு இழையையும் சுற்றி ஒரு சாம்பல் நிற மாவு. விரலால் நசுக்கினார். சிமெண்ட் போல இறுகியிருந்தது. மோந்து பார்த்தார். அழுகல் நாற்றத்துக்கு அடியில் எங்கோ திருநீற்று வாசனை.

"முடிக்காரன் இதுக்கு என்ன தருவான் மதினி?" என்று உலகம்மாள் கேட்டார்.

"இதுக்கா? கையைக் கழுவச் சோப்பு கேப்பான்."

வாளியைக் கொண்டு வந்து வைத்துவிட்டு வடிவு திரும்பப் போனாள். தில்லைநாயகம் ஒவ்வொரு கொத்தாக இழுத்து வாளியில் போட்டார். கால் வாளி நிரம்பியது. தினமும் பூசினது, தினமும் கழுவினது, தினமும் உதிர்ந்தது. நாலு மாத விடியற்காலைகள் அப்படியே கட்டியாகக் கிடந்தன. மெதுவாக எழுந்து, நாறும் கைகளைக் கூப்பினார்.

"புரிஞ்சிட்டு தாயே."

"என்ன புரிஞ்சிது?"

"அடைப்பு நான்தான். என் பூசையே அடைப்பு. என் தவமே அடைப்பு. இதைக் காட்டத்தானே வந்தீக?"

உலகம்மாள் எட்டித் தரையைப் பார்த்தார்.

"தண்ணி போகுதா?"

அவரும் பார்த்தார். தண்ணீர் அப்படியே நின்றது. திருநீறு கலங்கினதில் முன்னைவிட வெளுப்பாக நின்றது.

"இல்ல."

"அப்பப் புரியல."

மணி ஒன்றே முக்கால். தில்லைநாயகம் மறுபடி முட்டி போட்டார். இந்தத் தடவை மணிக்கட்டு வரை கையை விட்டார். எட்டவில்லை. அடியில் ஏதோ மெத்தென்று இடித்தது, ஆனால் விரலுக்குச் சிக்கவில்லை. ஒரு கம்பி வேண்டும். மொட்டை மாடிக்குப் போய்த் துணி காயப்போடும் கொடியில் மீந்து தொங்கிய கம்பியை ஒரு முழம் முறுக்கி உடைத்துக்கொண்டு வந்தார். நுனியைத் தூண்டில் முள் போல வளைத்தார். அந்த வளைவைச் சரியாகக் கொண்டுவர மூன்று தடவை நிமிர்த்தி மூன்று தடவை மடக்கினார். அதைச் செய்யும்போது நாக்கு நுனி வெளியே நீண்டிருந்தது. அலுவலகத்தில் வரைபடம் போடுகிற காலத்தில் அப்படித்தான் நீளும். அவருக்கே தெரியாது.

குளியலறையில் சன்னல் இல்லை. விளக்கு அவர் முதுகுக்குப் பின்னால் எரிந்தது. குழிக்குள் அவர் நிழல்தான் விழுந்தது.

"ஏளா, அந்த டார்ச்சை எடுத்துட்டு வா" என்றார்.

வடிவு வந்தாள். அவர் தோளுக்கு மேலே டார்ச்சைப் பிடித்தாள்.

"எங்க அடிக்கே? குழிக்குள்ள அடி."

"குழிக்குள்ளதான் அடிக்கேன்."

"என் கையில அடிக்கே. கொஞ்சம் இந்தப் பக்கம். இந்தப் பக்கம்னா உன் இந்தப் பக்கம் இல்ல, என் இந்தப் பக்கம்."

"உங்களுக்கு ஒரு பக்கம், எனக்கு ஒரு பக்கமா இருக்கு?"

"ஆட்டாத. கை ஏன் ஆடுது?"

"சும்மா இருங்க, கழுத்து வலிக்கி. ஒரு மணி நேரமா நிக்கேன்."

"இப்பத்தான் வந்த! நேராப் பிடி. நேராப் பிடிளா, கழுதை!"

"பிடிச்சாச்சு, பிடிச்சாச்சு. நீங்க நேராக் குத்துங்க மொதல்ல."

உலகம்மாள் வாசலைவிட்டு நகர்ந்து, கூடத்தில் போய்ச் சுவரோரமாக உட்கார்ந்துகொண்டார்.

கம்பி எதிலோ மாட்டியது. இழுத்தார். வரவில்லை. இடம் வலமாகத் திருகி இழுத்தார். "மெள்ள, மெள்ள, அறுந்துரப் போகுது" என்றாள் வடிவு. "எனக்குத் தெரியும்" என்றார். அது வந்தது. உருண்டையாக, கனமாக, சொட்டச் சொட்ட வந்தது. அது வெளியே வந்த அடுத்த நொடி குழி பெரிதாக ஓர் ஏப்பம் விட்டது. நின்ற தண்ணீர் முழுக்க ஒரு சுழி போட்டு இறங்கியது. தரைக் கல்லின் நீலம் தெரிந்தது. அது நீலம் என்பதே அவருக்கு மறந்து போயிருந்தது.

"போயிட்டு! தாயே, போயிட்டு!" என்று கத்தினார்.

கையில் இருந்ததை அப்போதுதான் பார்த்தார். துணி. இறுக்கமாகச் சுருட்டி, குறுக்கும் நெடுக்குமாக நூல் போட்டுக் கட்டின துணி. குழாயைத் திறந்து கழுவினார். சிவப்புக் கட்டம் தெரிந்தது. சர்வேக்குப் போகும்போது வெயிலுக்குத் தலையில் கட்டிக்கொண்டு போன அவருடைய துண்டு. பாதியாகக் கிழித்தது.

பக்கத்தில் கிடந்த மூடியைப் பார்த்தார். அதில் இருந்த ஓட்டை ஒவ்வொன்றும் ஒரு கடலை போகிற அளவு. கையில் இருந்தது ஒரு எலுமிச்சங்காயைவிடப் பெரிசு. முப்பத்தோரு வருடம் அளந்தவருக்கு அதைப் புரிந்துகொள்ள நேரம் ஆகவில்லை.

"மூடி மூடியிருக்கையில இது எப்படி உள்ள போச்சு?"

டார்ச் அணைந்தது.

"நான்தான் வச்சேன்" என்றாள் வடிவு.

சொல்லிவிட்டு அவள் அவரைப் பார்க்கவில்லை. கூடத்துக்குப் போய் உலகம்மாளுக்கு எதிரே நின்றாள். அவரிடம்தான் சொன்னாள்.

"முன்னெல்லாம் இந்த வீட்டுல ஒண்ணு கெட்டா வெளி ஆளைக் கூப்பிட மாட்டாகம்மா. ஃபேன் ஓடலன்னா ஸ்டூலு போட்டு ஏறிருவாக. குழாய் சொட்டுனா நூலு சுத்த உக்காந்துருவாக. நான் பக்கத்துல டார்ச்சு பிடிக்கணும், திருப்புளி எடுத்துக் கொடுக்கணும். அதுக்குள்ள நூறு வசவு. நானும் சும்மா இருக்க மாட்டேன். ரெண்டு வருஷமா இங்க ஒண்ணுமே கெடல. மிக்ஸி கெடல, ஸ்விட்சு கெடல. ஒரு பேச்சு இல்ல. நானே ஒண்ணைக் கெடுப்போம்னு கெடுத்தேன்."

"நாலு மாசம்" என்றார் உலகம்மாள்.

"ரெண்டே நாள்ல சத்தம் போடுவாகன்னு நெனைச்சேன். போடல. வாரம் ஒண்ணாச்சு, மாசம் ஒண்ணாச்சு. நானும் அந்தத் தண்ணியிலதான் நின்னேன். இவுகளுக்குத் தவம். எனக்கு என்னன்னு தெரியல."

தில்லைநாயகம் குளியலறை வாசலில் நின்றார். ஈரத்துண்டு கையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. தாடியில் ரப்பர் பேண்ட் அப்படியே இருந்தது.

"கையைக் கழுவிட்டு வாங்க அண்ணாச்சி" என்றார் உலகம்மாள். "நானும் ரெண்டு செம்பு ஊத்திக்கிட்டு வந்துருதேன். மதினி, இலை போடுங்க."

உலகம்மாள் நன்றாகச் சாப்பிட்டார். குழம்பை இரண்டு தடவை வாங்கினார். ரசத்தைக் கையில் ஊற்றச் சொல்லிக் குடித்தார். அவரைக்காயில் தேங்காய் கூடுதல் என்றார். குறைத்துப் போட்டால் இவுகளுக்கு இறங்காது என்றாள் வடிவு. எதிர் இலையில் தில்லைநாயகம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். மூன்று தடவை சோப்புப் போட்டும் கையில் வாடை போகவில்லை.

சாப்பிட்டு முடித்து உலகம்மாள் எழுந்தார். கை கழுவிவிட்டு வந்தார். இரண்டு மணி நாற்பது நிமிடம். வழக்கப்படி, பதில் சொல்கிற நேரம். அவர் வடிவைக் கூப்பிட்டார்.

"மதினி, அண்ணாச்சியைக் கூட்டிட்டுப் போகவா?"

வடிவு முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"கூட்டிட்டுப் போங்கம்மா."

"கோவத்துல சொல்லலையே?"

"கோவம் இருந்துச்சு. நேத்துவரைக்கும் இருந்துச்சு. கேட்டா ஆகாதுன்னுதான் சொல்லணும்னு நெனைச்சு வச்சிருந்தேன்." அவள் குரலில் அழுகை இல்லை, கடுப்பும் இல்லை. காய் விலை சொல்வது போல இருந்தது. "இன்னைக்கி நேராப் பிடிளா கழுதைன்னு ஒரு சத்தம் போட்டாகல்லா. அதைக் கேக்கத்தான் அந்தத் துணியை வச்சேன். கேட்டாச்சு. இனி அவுக எங்க இருந்தாலும் சரிதான்."

உலகம்மாள் தோளிலிருந்து பையை இறக்கினார். அதன் வாயைத் திறந்தார்.

தில்லைநாயகம் எழுந்து நின்றார். வேட்டி வெளியே வந்தது. நன்றாக வெளுத்து மடித்த காவி. அவர் இரண்டு கையையும் சேர்த்து நீட்டினார்.

உலகம்மாள் திரும்பி, அதை வடிவின் கையில் வைத்தார்.

"எனக்கா?"

"ஆமா மதினி."

"என்னம்மா இது! இதைக் கட்டிக்கிட்டு நான் மார்க்கெட்டுக்குப் போனா கத்தரிக்கா விக்கிறவ கால்ல விழுந்துருவா."

"கட்டணும்னு இல்ல. பீரோவுல இருக்கட்டும்."

தில்லைநாயகத்தின் கைகள் நீட்டினபடியே இருந்தன. அவற்றை எங்கே வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

"தாயே, கேட்டது நானு."

"ஆமா."

"சட்டையை விட்டேன். வாட்சை விட்டேன். பெத்த மகள்கிட்டச் சொல்லிட்டேன். கோவத்தைக்கூட விட்டேன். ரெண்டு வருஷம் ஒண்ணொண்ணா விட்டேன். எனக்கு இல்லையா?"

உலகம்மாள் வாசலுக்கு வந்து செருப்பை மாட்டினார். வெறும் பையைத் தோளில் போட்டுக்கொண்டார். முனையில் மினி பஸ் ஹாரன் அடித்தது. படியில் ஒரு கால் வைத்துவிட்டுத் திரும்பினார்.

"மதினிகிட்ட ஒரு ஆளு இருந்தாரு. அவரை விட்டுட்டாக. உங்ககிட்ட யாரு இருந்தா, அண்ணாச்சி?"